வீட்டிலுள்ள இரண்டு பச்சிங்கோ இயந்திரங்களின் வெற்றி வாய்ப்பை எவ்வாறு ஒப்பிடுவது?

உவர்மலை இளையவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலை உவர்மலையில் வசிக்கிறேன். யப்பானில் நாகோயாவுக்கு அருகே ஒரு தொழிற்சாலையில் பல ஆண்டுகள் பணியாற்றிய என் அண்ணன், நாடு திரும்பியபோது, அங்குள்ள அரங்குகளில் பாவித்துக் கழிக்கப்பட்ட பின் வீட்டுப் பாவனைக்காக விற்கப்படும், சிறு உருக்குக் குண்டுகளை ஏவி ஆணிகளுக்கிடையே விழச்செய்து ஆடும் பச்சிங்கோ இயந்திரங்களில் இரண்டைத் தன் பொருட்களுடன் கொள்கலனில் ஏற்றி அனுப்பியிருந்தார். இரண்டும் இப்போது வீட்டின் பின்னறையில் நிற்கின்றன. பணம் வைத்து எவரும் ஆடுவதில்லை. பிள்ளைகளும் பெரியவர்களும் குண்டுகளை மட்டும் எண்ணி ஆடுகிறோம்.

நடுவிலுள்ள குழியில் குண்டு விழும்போது திரையில் எண்கள் ஒருமுறை சுழலும். முதலாவது இயந்திரத்தின் விபரத்தாளில், அத்தகைய ஒரு சுழற்சியில் பெருவெற்றி, அதாவது குண்டுகளை அள்ளித் தரும் வெற்றி, கிடைக்கும் நிகழ்தகவு 1/319.7 என்றும், அதன்பின் கிடைக்கக்கூடிய சிறப்பு நிலையில் 163 சுழற்சிகளுக்கு அது 1/99.4 ஆக உயரும் என்றும் உள்ளது. இரண்டாவது இயந்திரத்தின் நிகழ்தகவு 1/99.9. இதை மட்டும் பார்த்தால் இரண்டாவது இயந்திரமே மூன்று மடங்கு தாராளமானது என்று தோன்றுகிறது. ஆனால் நாங்கள் வைத்திருக்கும் குறிப்பேட்டில் சில கிழமைகளில் முதலாவதும், சில கிழமைகளில் இரண்டாவதும் முன்னே நிற்கின்றன. நீண்ட நேரம் வெற்றி தராத இயந்திரம் விரைவில் தரும் என்று அண்ணன் உறுதியாக நம்புகிறார். அவருடைய மகனோ அப்படி எதுவும் இல்லை என்று வாதிடுகிறான்.

எந்த இயந்திரம் உண்மையில் கூடுதலாகத் திருப்பித் தருகிறது என்பதை வீட்டிலேயே அளந்து அறிய முடியுமா? முடியுமாயின் எதை எண்ண வேண்டும், எவ்வளவு காலம் எண்ண வேண்டும்? கணிதம் தெரிந்தவர்களும் யப்பானில் இந்த இயந்திரங்களுடன் பழகியவர்களும் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

கணித ஆசிரியர், திருமலை எழுதியது:

நல்ல கேள்வி, தம்பி. உயர்தர வகுப்பில் நிகழ்தகவு கற்பிப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த பகுதியைச் சொல்கிறேன்.

முதலில் 1/319.7 போன்ற விசித்திரமான எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைப் பார்ப்போம். பலகையின் நடுவில் உள்ள தொடக்கக் குழிக்குள் ஒரு குண்டு விழுந்து உணரியைக் கடக்கும் கணத்தில், இயந்திரத்தின் பிரதான சுற்றுப்பலகை 0 முதல் 65535 வரையான 65,536 எண்களில் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. அந்த எண்களில் 205 மட்டுமே வெற்றி எண்களாக இருந்தால் 65,536 ஐ 205 ஆல் வகுக்க 319.7 கிடைக்கும். வெற்றி எண்கள் 656 ஆக இருந்தால் 99.9 வரும். உங்கள் முதலாவது இயந்திரம் சிறப்பு நிலையில் 659 எண்களை ஏற்றுக்கொள்வதால் அங்கே 1/99.4 ஆகிறது. திரையில் மீன்கள் நீந்துவதும் எழுத்துகள் மின்னுவதும் எண்கள் ஒன்றோடொன்று பொருந்துவதற்காகத் தவிப்பதும் ஏற்கெனவே முடிவாகிவிட்ட ஒன்றைக் காட்டும் காட்சியே ஆகும். ஆகவே விபரத்தாளில் உள்ள நிகழ்தகவு இயந்திரத்தின் தேய்மானத்தாலோ வயதாலோ மாறுவதில்லை.

ஒவ்வொரு சுழற்சியும் முந்தையதைச் சாராதது. 1/319.7 இயந்திரத்தில் 320 சுழற்சிகள் வெற்றியின்றிக் கழிவதற்கு ஏறத்தாழ 37 வீத வாய்ப்பு உண்டு. 1,000 சுழற்சிகள் அவ்வாறு கழிவதற்கும் 4 வீதத்துக்குச் சற்று மேலான வாய்ப்பு உண்டு. அப்படிக் கழிந்த பின்னர் வரும் அடுத்த சுழற்சியின் வாய்ப்பு அதே 1/319.7 தான். இந்த விடயத்தில் உங்கள் அண்ணனுடைய மகன் சொல்வதே சரியாகப் படுகிறது.

இனி எவ்வளவு காலம் எண்ண வேண்டும் என்ற கேள்வி. வெற்றிகளின் எண்ணிக்கை ஈருறுப்புப் பரம்பலைப் பின்பற்றும். நிகழ்தகவு இவ்வளவு சிறிதாக இருக்கும்போது 100 வெற்றிகளைக் கண்டால் அதன் நியம விலகல், அதாவது தற்செயலாக ஏற்படும் வழமையான தளம்பல், சுமார் 10. அதாவது இரண்டு நியம விலகல் ஆயிடையில் உங்கள் மதிப்பீடு 20 வீதம் மேலோ கீழோ இருக்கலாம். இதை 10 வீதமாகக் குறைக்க 400 வெற்றிகள் வேண்டும். முதலாவது இயந்திரத்தில் 400 வெற்றிகளைக் காண 127,880 சுழற்சிகள் தேவை. மணித்தியாலத்துக்கு 250 சுழற்சிகள் என்று வைத்தாலும் 500 மணித்தியாலங்களுக்கு மேல் இயந்திரத்தின் முன்னே அமர வேண்டும். இரண்டாவது இயந்திரத்தில் அதே துல்லியத்தைப் பெற 160 மணித்தியாலங்கள் போதும். உங்கள் குறிப்பேடு கிழமைக்குக் கிழமை மாறி மாறிச் சொல்வதற்குக் காரணம் இதுதான். எனவே பெருவெற்றியின் நிகழ்தகவை வீட்டில் அளக்க முயலாமல் விபரத்தாளில் உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அளக்க வேண்டியது வேறு ஒன்று என்று நினைக்கிறேன். அதைப் பற்றி இயந்திரங்களோடு பழகியவர்கள் சொல்லட்டும்.

குறிப்பேட்டைத் தொடர்வதானால் சாதாரண நிலையில் வந்த முதல் வெற்றியையும் சிறப்பு நிலையில் தொடர்ந்து வந்த வெற்றிகளையும் தனித்தனி நிரல்களில் எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

நாகோயா திரும்பியவர் எழுதியது:

நான் யப்பானில் இருந்த காலத்தில் பழைய இயந்திரங்களை அரங்குகளிலிருந்து கழற்றி, துப்புரவு செய்து, வீட்டுப் பாவனைக்கு ஏற்றவாறு மாற்றி விற்கும் சிறு நிறுவனமொன்றில் வேலை செய்தேன். ஆசிரியர் ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

அளக்க வேண்டியது, ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையான குண்டுகளைச் செலவழித்தால் எத்தனை சுழற்சிகள் கிடைக்கின்றன என்பதையே. யப்பானிய ஆட்டக்காரர்கள் இதை 1,000 யென்னுக்கு எத்தனை சுழற்சிகள் என்று கேட்பார்கள். வழமையான அரங்கில் ஒரு குண்டு 4 யென் ஆகையால் அது 250 குண்டுகளுக்குச் சமம். விபரத்தாளில் உள்ள நிகழ்தகவு ஒரே மாதிரியான எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவானது. ஆனால் 250 குண்டுகளுக்கு எத்தனை சுழற்சிகள் என்பது உங்கள் வீட்டில் நிற்கும் அந்த ஒரு இயந்திரத்தின் ஆணிகளைப் பொறுத்தது. குண்டின் விட்டம் 11 மில்லிமீற்றர். தொடக்கக் குழிக்கு நேர்மேலே நிற்கும் இரண்டு பித்தளை ஆணிகளுக்கு இடையிலான வெளி அதைவிடச் சற்றே அகலமானது. அந்த வெளி மிகச் சிறிதளவு கூடிக் குறைந்தாலே சுழற்சிகளின் எண்ணிக்கை கண்கூடாக மாறும். அதனாற்றான் நல்ல ஆட்டக்காரர்கள் இயந்திரத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னர் ஆணிகளைப் பார்ப்பார்கள்.

வீட்டில் அளப்பதற்கு இலகுவான வழி உண்டு. குண்டுகள் தாமாகவே மேலே ஏறிச் சுற்றிவரும் அமைப்பு உங்கள் இயந்திரத்தில் இருந்தால், அளக்கும் நேரத்தில் மட்டும் அதை நிறுத்தி, கீழே விழும் குண்டுகளை ஒரு வாளியில் சேருங்கள். ஒரு குண்டின் நிறை ஏறத்தாழ ஐந்தரைக் கிராம். முதலில் 100 குண்டுகளை எண்ணி, சமையலறைத் தராசில் நிறுத்து, அந்த நிறையைக் குறித்துக்கொண்டால், அதன்பின் ஆயிரக்கணக்கான குண்டுகளையும் எண்ணாமல் நிறுத்தே அறியலாம். ஏவும் வேகத்தின் உச்சவரம்பு நிமிடத்துக்கு 100 குண்டுகள். ஆகவே கைப்பிடியை விடாமல் 10 நிமிடங்கள் பிடித்தால் ஏறத்தாழ 1,000 குண்டுகள் ஏவப்படும். வலுக் குறைந்து தட்டுக்கே திரும்பி விழும் குண்டுகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. தொடக்கக் குழியில் விழும் ஒவ்வொரு குண்டுக்கும் இயந்திரம் சில குண்டுகளைத் திருப்பித் தரும். சில இயந்திரங்கள் 1 குண்டும், சில 3 குண்டுகளும், வேறு சில வேறு எண்ணிக்கையிலும் தருகின்றன. ஓர் உதாரணம் சொல்கிறேன். எண்கள் விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்டவை. முதலாவது இயந்திரத்தில் 1,000 குண்டுகளை ஏவியபோது 54 குண்டுகள் தொடக்கக் குழியில் விழுந்தன என்றும், ஒவ்வொன்றுக்கும் 3 குண்டுகள் வீதம் 162 உம், பக்கக் குழிகளால் 38 உம் திரும்பின என்றும் வைத்துக்கொள்வோம். உண்மையில் செலவானவை 800 குண்டுகள். 250 குண்டுகளுக்கு ஏறத்தாழ 16.9 சுழற்சிகள். இரண்டாவதில் 60 குண்டுகள் விழுந்து, ஒவ்வொன்றுக்கும் 1 குண்டு மட்டும் திரும்பி, பக்கக் குழிகளால் 40 கிடைத்தால், செலவு 900. 250 குண்டுகளுக்கு ஏறத்தாழ 16.7 சுழற்சிகள். குழியில் கூடுதலாக விழுந்த இயந்திரம் கணக்கில் சற்றே பின்னே நிற்கிறது. எனவே விழுந்தவற்றை மட்டும் எண்ணி ஒப்பிட்டுவிடாதீர்கள்.

ஒரு சுழற்சி திரையில் ஓடும்போது விழும் குண்டுகளின் சுழற்சிகள் முறைக்காகக் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பு நிலையில் நான்கு சுழற்சிகள் நிரம்பிவிட்டால் அதன்பின் விழும் குண்டுக்குப் பரிசுக் குண்டு கிடைக்குமே தவிரச் சுழற்சி கிடைக்காது. மூன்று நிரம்பியதும் கைப்பிடியை விட்டு, காட்சி முன்னேறிய பிறகு தொடர்வதே அரங்குகளில் அனுபவசாலிகளின் பழக்கம். அளக்கும்போதும் அப்படியே செய்யுங்கள். அப்போது 10 நிமிடக் கணக்கு பொருந்தாது, தராசையே நம்ப வேண்டும்.

மேலும் ஒன்று. இயந்திரம் நிலைக்குத்தாக நிற்பதற்காக அமைக்கப்பட்டதன்று. அரங்குகளில் அதன் மேற்பகுதி ஏறத்தாழ 1 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். வெளிச்சட்டத்தின் உயரம் சுமார் 81 சென்ரிமீற்றர் ஆகையால், மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட 13 அல்லது 14 மில்லிமீற்றர் பின்னே நிற்கும். உங்கள் இரண்டு இயந்திரங்களும் வெவ்வேறு சாய்வில் நின்றால் நீங்கள் ஒப்பிடுவது இயந்திரங்களை அல்ல, அவற்றைத் தாங்கும் மேசைகளை. நீர்மட்டத்தை வைத்து இடம் வலமும், நூற்குண்டு கட்டித் தொங்கவிட்டு முன் பின்னும் சரிபார்த்த பின்னரே அளக்கத் தொடங்குங்கள்.

சீனக்குடா மின்னியலாளர் எழுதியது:

மேலே உள்ள விளக்கங்கள் மிகப் பயனுள்ளவை. மின்சாரமும் கடற்காற்றும் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

அரங்குகளில் இந்த இயந்திரங்கள் 24 வோல்ற் ஆடலோட்டத்தில் இயங்குகின்றன. வீட்டுப் பாவனைக்கு மாற்றும்போது யப்பானிய 100 வோல்ற்றை 24 வோல்ற்றாகக் குறைக்கும் மின்மாற்றியைச் சேர்க்கிறார்கள். நம் நாட்டின் மின்வழங்கல் 230 வோல்ற் என்பதால் அதற்கு முன்னே 230 இலிருந்து 100 ஆகக் குறைக்கும் இன்னொரு மின்மாற்றி கட்டாயம் வேண்டும். தட்டையான இருமுனைச் செருகியை மாற்றுச் செருகியில் பொருத்தி நேரே சுவரில் செருகினால் அந்த இயந்திரத்துக்கு அதுவே கடைசி நாள். யப்பானின் கிழக்குப் பகுதியில் 50 ஹேர்ட்சும் மேற்குப் பகுதியில் 60 ஹேர்ட்சும் பாவனையில் இருப்பதால் நமது 50 ஹேர்ட்ஸ் பிரச்சினையாகாது.

மின்னழுத்தம் சற்று ஏறி இறங்கினாலும் உள்ளேயுள்ள மின்வழங்கல் பலகை அதைச் சீராக்கி விடுவதால் எண் தெரிவில் எந்த மாற்றமும் நிகழாது. ஆனால் மின்தடையின் பின் இயந்திரம் எந்த நிலையில் மீள ஆரம்பிக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உவர்மலையிலும் உட்துறைமுக வீதியிலும் உப்புவெளியிலும் வசிப்பவர்களுக்கு உப்புக்காற்று என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் ஈரமும் சேர்ந்துவிடும். குண்டுகள் மேற்பூச்சிட்ட உருக்கால் ஆனவை. அரங்குகளில் அவை தொடர்ந்து துடைத்து மெருகேற்றப்படுகின்றன, வீட்டில் அப்படியில்லை. மேற்பரப்பு மங்கிய குண்டு ஆணியில் பட்டுத் தெறிக்கும் விதம் வேறு. ஆகவே ஒரே தொகுதிக் குண்டுகளை, உலர்ந்த துணியால் துடைத்து, இரண்டு இயந்திரங்களிலும் மாறி மாறிப் பாவியுங்கள். எண்ணெய் பூசாதீர்கள், அது தூசியைச் சேர்த்து ஆணிகளிலும் பலகையிலும் படலமாகப் படியும்.

உவர்மலை இளையவன் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இயந்திரங்களைச் சோதித்தபோது இரண்டாவது இயந்திரம் முற்றிலும் நிலைக்குத்தாக நிற்பது தெரிந்தது. அதைச் சரிசெய்த பிறகே அளப்போம்.

இரண்டு விடயங்கள் இன்னும் தெளிவாகவில்லை. 250 குண்டுகளுக்கு எத்தனை சுழற்சிகள் என்று தெரிந்த பிறகு, அதையும் 1/319.7, 1/99.9 என்ற எண்களையும் சேர்த்து எப்படி ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவது? அடுத்தது, இரண்டாவது இயந்திரத்தின் விபரத்தாளில் 299 சுழற்சிகள் வெற்றியின்றிக் கழிந்தால் ஒரு விசேட நிலை தொடங்கும் என்று எழுதியிருப்பதாக அண்ணன் காட்டுகிறார். நீண்ட நேரம் தராத இயந்திரம் விரைவில் தரும் என்று தான் சொன்னது இதனால் உண்மையாகிறது என்பது அவருடைய வாதம்.

நாகோயா திரும்பியவர் எழுதியது:

அண்ணன் சொல்வது அந்த இயந்திரத்தைப் பொறுத்தவரை சரியே. யப்பானில் 2020 முதல் வந்த பல இயந்திரங்களில் ‘யூதைம்’ என்ற அமைப்பு உண்டு. சாதாரண நிகழ்தகவின் பகுதியெண்ணைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு வரையான சுழற்சிகள் வெற்றியின்றிக் கழிந்தால், வலப்பக்கக் குழி எளிதாகத் திறந்து, குண்டுகளை அதிகம் இழக்காமல் விரைவாகச் சுழற்சிகளைப் பெறும் நிலை தொடங்கும். 1/99.9 க்கு 299 என்பது அந்த வரம்புக்குள் அடங்குகிறது. ஒவ்வொரு சுழற்சியின் நிகழ்தகவும் அப்போதும் மாறுவதில்லை. ஆயினும் 250 சுழற்சிகள் வெறுமையாகக் கழிந்த இயந்திரத்தில் தொடர்வது, புதிதாகத் தொடங்குவதைவிட ஆடுபவருக்கு அனுகூலமானது. யூதைம் இல்லாத முதலாவது இயந்திரத்தில் அண்ணனின் வாதம் செல்லாது. இதை எண்ணும்போது ஒரு கவனம் தேவை. மின்சாரத்தை நிறுத்தினாலும் பொதுவாக எண்ணிக்கை நினைவில் நிற்கும். ஆனால் நினைவகத்தை அழிக்கும் பொத்தானை அழுத்தியபடி இயந்திரத்தை ஆரம்பித்தால் எண்ணிக்கை மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். 2018 இல் யப்பானிய விதிகள் மாற்றப்பட்டபோது பச்சிங்கோவிலும் ஆறு படிகள் வரையான அமைப்பு அனுமதிக்கப்பட்டது. அத்தகைய இயந்திரமாயின் கதவைத் திறந்து சாவியால் படியை மாற்றலாம். படிக்கேற்ப நிகழ்தகவும் மாறும். விபரத்தாளில் ஒரே ஒரு நிகழ்தகவு அச்சிடப்பட்டிருப்பதால் உங்களுடையவை அந்த வகையைச் சேர்ந்தவையாகத் தெரியவில்லை. 2018 இன் விதிகளுக்கு உட்பட்டவற்றில் ஒரு பெருவெற்றியின் உச்ச அளவு 1,500 குண்டுகள். அதற்கு முந்தைய காலத்தில் 2,400 வரை இருந்தது. எனவே பழைய தலைமுறை இயந்திரத்தையும் புதியதையும் நிகழ்தகவை மட்டும் வைத்து ஒப்பிடுவது இன்னும் கூடுதலாக வழிதவறச் செய்யும்.

கணித ஆசிரியர், திருமலை எழுதியது:

யூதைம் பற்றிய திருத்தம் பொருத்தமானது. அத்தகைய இயந்திரத்தில் 299 சுழற்சிகள் வெறுமையாகக் கழிவதற்கான வாய்ப்பு சுமார் 5 வீதம். ஆகவே அது கணக்கில் சிறிய பங்கே வகிக்கும்.

இப்போது ஒரே அளவுகோல் பற்றிய கேள்வி. தேவைப்படுவது, ஒரு முதல் வெற்றி கிடைத்தால் அதிலிருந்து தொடங்கி அந்தத் தொடர் முடியும்வரை சராசரியாக எத்தனை குண்டுகள் கைக்கு வரும் என்ற எதிர்பார்த்த பெறுமானம். முதலாவது இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். 163 சுழற்சிகளில் ஒவ்வொன்றும் 1/99.4 என்றால், அவற்றுள் ஒரு வெற்றியேனும் கிடைக்கும் நிகழ்தகவைக் காண, 163 உம் தவறும் நிகழ்தகவை ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். அது 80.8 வீதம். சிறப்பு நிலைக்குள் நுழைந்த பிறகு தொடர்ந்து வரும் வெற்றிகளின் சராசரி எண்ணிக்கை 0.808 ஐ 0.192 ஆல் வகுக்கக் கிடைப்பது, ஏறத்தாழ 4.2. பெருவெற்றியின்போது பரிசுக் குழி ஒருமுறை திறந்து மூடுவது ஒரு சுற்று. பத்துச் சுற்றுப் பெருவெற்றியில் ஒவ்வொரு சுற்றுக்கும் 10 குண்டுகள், ஒவ்வொன்றுக்கும் 15 பரிசுக் குண்டுகள் என்றால் 1,500 வரும். உள்ளே சென்ற 100 குண்டுகளையும் வெளியே சிந்தியவற்றையும் கழித்தால் 1,350 அளவில் மிஞ்சும். முதல் வெற்றி 450 குண்டுகளும், சிறப்பு நிலைக்குள் நுழைய 70 வீத வாய்ப்பும் என்று எடுத்தால், எதிர்பார்த்த பெறுமானம் 450 உடன் 0.7, 4.208, 1,350 ஆகியவற்றின் பெருக்கத்தைக் கூட்டிய தொகை, அதாவது ஏறத்தாழ 4,427 குண்டுகள். 70 வீதம், 450 ஆகிய இரண்டையும் நானே ஊகித்துக்கொண்டேன். உங்கள் விபரத்தாளில் உள்ளவற்றை அந்த இடத்தில் வையுங்கள்.

319.7 சுழற்சிகளுக்கு ஒருமுறை 4,427 குண்டுகள் வருமாயின், நட்டமும் இலாபமும் இல்லாத எல்லைக்கு, 250 குண்டுகளுக்கு எத்தனை சுழற்சிகள் வேண்டும்? 250 ஐ 319.7 ஆல் பெருக்கி 4,427 ஆல் வகுக்க 18.05 கிடைக்கும். யப்பானிய ஆட்டக்காரர்கள் எல்லை என்று அழைப்பது இந்த எண்ணைத்தான். இரண்டாவது இயந்திரத்தின் முதல் வெற்றி 380, நுழைவு 60 வீதம், தொடர்ச்சி 75 வீதம், பின்வரும் ஒவ்வொரு வெற்றியும் 560 என்று எடுத்தால் எதிர்பார்த்த பெறுமானம் 1,388, எல்லை 17.99. யூதைமைச் சேர்த்தால் எல்லை இன்னும் சற்றுக் குறையும். பாருங்கள், ஒன்று 1/319.7, மற்றது 1/99.9, ஆனால் எல்லை ஏறத்தாழ ஒன்றே. மூன்று மடங்கு தாராளம் என்று தோன்றியது, கிடைக்கும் அளவு மூன்றில் ஒன்றாக இருப்பதால் சமப்பட்டுவிட்டது. வேறுபடுவது ஏற்ற இறக்கம் மட்டுமே. முதலாவது இயந்திரம் நீண்ட வறட்சியும் பெரிய மழையுமாக நடக்கும். இரண்டாவது அடிக்கடி தூறும்.

இதன்பின் நீங்கள் அளந்த சுழற்சிகளை எல்லையால் வகுத்தால் திருப்பித் தரும் வீதம் வரும். முன்னர் தரப்பட்ட உதாரண எண்களின்படி முதலாவது 16.875 ஐ 18.05 ஆல் வகுக்க 93.5 வீதம், இரண்டாவது 16.67 ஐ 17.99 ஆல் வகுக்க 92.6 வீதம். நீங்கள் கேட்ட ஒப்பீடு இதுவே. ஆனால் 1,000 குண்டுகளோடு நின்றுவிட்டு இந்த ஒரு வீத வித்தியாசத்தை நம்பிவிடாதீர்கள். 54 என்ற எண்ணிக்கையின் நியம விலகலே 7 அளவில் இருக்கும். 10,000 குண்டுகளை ஏவினால் 540 க்கு 23. அப்போதும் 4 வீதத்துக்கு மேல் தளம்பல் உண்டு. பெருவெற்றியை எண்ணுவதோடு ஒப்பிடுகையில் இது சில மாலைப் பொழுதுகளில் முடிந்துவிடும் வேலை என்பதால் பொறுமையாகச் செய்யலாம். இரண்டு இயந்திரங்களுக்கும் இடையே ஐந்து வீதத்துக்குள் அடங்கும் வித்தியாசத்தை, இன்னும் பல்லாயிரம் குண்டுகள் சேரும்வரை, வித்தியாசமாகவே எண்ண வேண்டாம்.

உவர்மலை இளையவன் எழுதியது:

மிகத் தெளிவாக விளங்கியது, ஐயா. அண்ணனும் மகனும் ஆளுக்கொரு இயந்திரத்தில் சரியாக இருந்தார்கள் என்று சொல்லிவிட்டேன். ஒரு கடைசிக் கேள்வி: இரண்டு இயந்திரங்களும் எல்லையில் நிற்குமாறு ஆணிகளை நாங்களே சற்று வளைத்துச் சரிசெய்யலாமா?

நாகோயா திரும்பியவர் எழுதியது:

வேண்டாம், தம்பி. ஆணிகளைத் திருத்துவதற்கென்று சிறு சுத்தியலும், வெளியை அளக்கும் அளவுக் குண்டுகளும், பல ஆண்டுக் கைப்பழக்கமும் வேண்டும். பித்தளை ஆணி சில தடவைகள் வளைக்கப்பட்டால் அடியில் தளர்ந்து பலகையின் துளையையும் பெரிதாக்கிவிடும். அதன்பின் எந்த அளவீடும் நிலைத்து நிற்காது. எல்லையில் ஆட விரும்பினால், தட்டில் முதலில் போடும் குண்டுகளின் எண்ணிக்கையை மாற்றுங்கள். 93 வீதம் திருப்பித் தரும் இயந்திரத்துக்கு 1,000 குண்டுகளும் 100 வீதமானதற்கு 930 உம் கொடுத்துத் தொடங்கினால், முடிவில் தட்டில் இருப்பவற்றைப் பிள்ளைகள் நேருக்கு நேர் ஒப்பிடலாம். இது ஒரு தடவை போட்ட குண்டுகளை ஆடி முடிக்கும்வரை மட்டுமே பொருந்தும். கிடைத்தவற்றை மீண்டும் மீண்டும் போட்டு ஆடினால், ஒவ்வொரு சுற்றிலும் அந்த வீதம் மறுபடியும் பெருகி வரும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.